மண்வெட்டியை மே மாதம் வரை கீழே வையுங்கள்

இந்தியானாவில் பழைய வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன், ஒழுகும் கூரை, அடித்தளத்து ஈரம் என்று உங்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும். நான் பேச வந்தது வேலியோரம் வாள் வாளாக நிற்கும் சாம்பல்பச்சை இலைகளைப் பற்றி, அதாவது ஐரிஸ் என்ற பூச்செடியைப் பற்றி.

ஃபோர்ட் வேனுக்குத் தெற்கே நாங்கள் குடிவந்த முதல் ஏப்ரலில், களை என்று நினைத்து அவற்றைத் தோண்டிக் குப்பைப் பையில் கட்டிவிட்டேன். கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரியே இருந்தது. (நல்லவேளை, அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. தின்றால் வாந்திதான்.) மே மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, “இங்கே வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்குமே, எங்கே?” என்று கேட்டார். எனக்கு வாயே எழவில்லை.

அவர் சொன்ன அடையாளத்தைத் தேடிப் போனதில்தான் ‘வாபாஷ்’ என்ற ஐரிஸ் பற்றித் தெரிந்துகொண்டேன். நிமிர்ந்த மூன்று இதழும் வெள்ளை. கீழே தொங்கும் மூன்றும் அடர்ந்த ஊதா, விளிம்பில் வேட்டிக் கரை போல மெல்லிய வெள்ளை. அந்தக் கீழிதழ்களின் மேல் மஞ்சள் மயிர் வரிசை உண்டு, ‘தாடி ஐரிஸ்’ என்ற பெயரே அதனால்தான். இதை உருவாக்கிய இ. பி. வில்லியம்சன், நம் பக்கத்து பிளஃப்டன் ஊர்க்காரர். தொழில் வங்கி, ஆராய்ச்சி தும்பிகளைப் பற்றி, இவற்றுக்கு நடுவே மகரந்தம் சேர்த்துப் புது ஐரிஸ் இரகங்களை உருவாக்குவது. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர்தான் பூவுக்கு. 1933-இல் அவர் இறந்துபோனார். பூ வெளிவந்தது 1936-இல், அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் உச்சப் பரிசான டைக்ஸ் பதக்கம் கிடைத்தது 1940-இல்.

ஐரிஸும் வாழையடி வாழைதான். ஒருமுறை பூத்த கிழங்கு, குலை தள்ளிய வாழை போல, மறுபடி பூக்காது. பக்கத்தில் விட்ட கன்றுகள்தான் பூக்கும். விதை போட்டால் மாங்கொட்டை கதைதான், வேறு ஏதோ வரும். இன்று எந்த ஊரில் வாபாஷ் பூத்தாலும் அது வில்லியம்சன் தோட்டத்தின் அந்த ஒரே நாற்றின் துண்டு. நான் குப்பையில் போட்டதும் அப்படி ஏதோ ஒன்றின் துண்டுதான்.

பரிகாரமாக ஒரு வாபாஷ் கிழங்கு வாங்கினேன். மஞ்சள் நடுவது போல ஆழமாகப் புதைத்து, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, மேலே மரத்தூளையும் குவித்தேன். அழுகி நாறிவிட்டது. இரண்டாவது கிழங்கை ஆகஸ்டில், முதுகு வெயிலில் தெரியும்படி மேலாக வைத்து, வேரை மட்டும் மண்ணுக்குள் விட்டேன். பிழைத்துக்கொண்டது. அரை நாள் வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடக் கூடாது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும். இலையுதிர் காலத்தில் காய்ந்த இலையை அகற்றிவிடுங்கள். கிழங்கைக் குடையும் புழுவின் அந்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும்.

கத்தரிப் பாத்திக்கு இடம் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. மே மாதம் பூக்கட்டும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் தோண்டி, நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். வாங்கிக்கொள்ள நான் வருகிறேன். படத்தைப் பார்த்து நீங்களாகப் பெயர் சூட்டிவிட வேண்டாம். இதே சாயலில் பல இரகங்கள் உண்டு, தப்பான பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு உரிக்க முடியாது. எந்தத் தெரு, எந்த வருடத்து வீடு என்று எழுதிக் கட்டினால் போதும்.

இரண்டாவது கிழங்கு இந்த வருடம் பூத்தது. பாட்டியைக் கூட்டி வந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அது இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கும்” என்றார்.

அன்புடன்,
வேலியோரத்தைக் காலிசெய்த ஒருவன்