ஆல்போர்க்கிலிருந்து அப்பாவுக்கு

ஆல்போர்க், டென்மார்க்
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலந்தானே? இங்கே நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். மேலாளரும் சைக்கிள்தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

வீட்டுக்குள் குளிர் தெரியாது. சுவரோரம் இருக்கிற ரேடியேட்டரில் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும், துவைத்த துணியை அதன்மேல்தான் காயப்போடுகிறேன். ஊர் முழுக்கக் குழாய் பதித்து வெந்நீர் அனுப்புகிறார்கள். ஒரு பங்கு வெப்பம் சிமென்ட் ஆலையிலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு கடற்கழிக்கு அக்கரையில் இருக்கும் நோர்ட்யுலாண்ட் அனல்மின் நிலையத்தின் மூன்றாவது யூனிட்டிலிருந்து. நீங்கள் வேலை பார்த்த தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் கேம்ப் குடியிருப்பில் வளர்ந்தவள் இங்கே வந்தும் தெர்மல் தயவில்தான் இருக்கிறேன் பாருங்கள்.

போனில் கேட்டீர்களே, உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு வருகிற 660 மெகாவாட் யூனிட்டுகளின் பாய்லரில் ஆவியையும் நீரையும் பிரிக்கும் டிரம்மே இல்லையாமே, தண்ணீர் லெவலை எதை வைத்துப் பார்ப்பார்கள் என்று. பார்க்க லெவலே கிடையாது அப்பா. அழுத்தம் 221 பாரைத் தாண்டிவிட்டால் தண்ணீர் கொதிப்பதே இல்லை. சூடு ஏற ஏற மெலிந்துகொண்டே போய் ஆவியாகிவிடும். இதுவரை நீர், இதற்குமேல் ஆவி என்று கோடு போட முடியாது. பிரிக்க ஒன்றும் இல்லாதபோது டிரம்முக்கு என்ன வேலை? ஸ்டார்ட் பண்ணும்போதும் லோடு குறைவாக இருக்கும்போதும் மட்டும் நீரைப் பிரிக்க ஒரு செப்பரேட்டர் வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக வேறொரு தலைவலி உண்டு. உங்கள் பாய்லரில் உப்பு டிரம்மில் தங்கிவிடும், கொஞ்சம் தண்ணீரை வடித்துவிடும் புளோடவுனில் வெளியே தள்ளிவிடுவீர்கள். இதில் தங்க இடம் கிடையாது. தண்ணீரில் இருக்கிற அழுக்கெல்லாம் பாய்லர் குழாயிலோ டர்பைன் பிளேடிலோதான் போய்ப் படியும். கெமிஸ்ட்ரி லேப்காரர்களுக்கு உங்கள் காலத்தைவிட மரியாதை கூடத்தான் வேண்டும்.

இங்கே நோர்ட்யுலாண்டின் மூன்றாவது யூனிட் 1998இல் ஓட ஆரம்பித்தது. ஆவி 290 பார், 582 டிகிரி. மின்சாரத்துக்கு மட்டும் ஓட்டினால் நிலக்கரியின் சக்தியில் 47 சதவீதம் மின்சாரமாகிறது. நீங்கள் ஓட்டிய 210 மெகாவாட்டில் 540 டிகிரி. நாற்பது டிகிரி கூட்டியதற்கா இவ்வளவு என்பீர்கள். சூடு மட்டும் இல்லை, அழுத்தமும் கூடுதல்; ஆவியைத் திரும்பச் சூடாக்கும் ரீஹீட்டும் இங்கே இரண்டு தரம். அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், எல்.பி. (தாழ் அழுத்த) டர்பைனின் கடைசி வரிசைக்கு வரும்போது ஆவி ஈரமாகி, துளிகள் பிளேடு விளிம்பை அரித்துவிடும். உங்களிடம் ஹெச்.பி. (உயர் அழுத்த) டர்பைன் முடிந்ததும் ஒரு தரம் பாய்லருக்குத் திரும்பிப் போகும் ஆவி, இங்கே இரண்டு தரம் போய் இரண்டு தரமும் 580 டிகிரிக்கு ஏறி வருகிறது. ஆனால் இரண்டாவது ரீஹீட்டால் கிடைப்பது ஒரு சதவீதப் புள்ளி, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்கு ஆகிற குழாயையும் வால்வையும் பார்த்தால், என்னைக் கேட்டால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

சூட்டை இன்னும் ஏற்றலாமே என்றால், இரும்பு விடாது. அமெரிக்காவில் எடிஸ்டோன் நிலையத்தில் 1960வாக்கிலேயே 650 டிகிரிக்குப் போனார்கள். உலோகம் படுத்திய பாட்டில் 610க்கு இறங்கி வந்தார்கள். 600ஐத் தொடவே 9 சதவீதக் குரோமியம் கலந்த எஃகு வர வேண்டியிருந்தது.

இன்னொன்று சொல்கிறேன், இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். அந்த 47இல் இவர்கள் சாமர்த்தியம் மட்டும் இல்லை, கடலும் சேர்ந்திருக்கிறது. இங்கே கடல்நீர் பத்து டிகிரி. ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் ஆவி இருபது டிகிரிவாக்கில் குளிர்ந்துவிடுகிறது, டர்பைனிலிருந்து ஆவியை இழுக்கும் வேக்கம் (வெற்றிடம்) பிரமாதமாக நிற்கிறது. நம்மூர்க் கடல் முப்பது டிகிரி, ஆவியை நாற்பதுக்குக் கீழே இறக்குவதே பாடு. இதே யூனிட்டை அப்படியே தூக்கி முத்தையாபுரம் பக்கம் வைத்தாலும் 47 வராது. உடன்குடி ஓடத் தொடங்கி எண்கள் வெளியாகும்போது இங்கத்திய கணக்கோடு ஒப்பிட்டு யாராவது குறை சொன்னால், மே மாதக் கடல்நீர் எத்தனை டிகிரி என்று முதலில் கேளுங்கள்.

குளிர்காலத்தில் ஊருக்கு வெந்நீர் எடுக்கும்போது மின்சாரம் குறையும். ஆனால் கடலில் கொட்ட வேண்டிய வெப்பம் வீடுகளுக்குப் போவதால், நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு பயன்பட்டுவிடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, 2028க்குள் நிலக்கரியே வேண்டாம் என்று நகரம் முடிவு செய்திருக்கிறது.

அம்மாவிடம் நெய் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், பால் பொருள் எதையும் சுங்கத்தில் விடமாட்டார்கள். இட்லிப் பொடி அனுப்பலாம். உங்கள் யூனிட்டில் கோடையில் வேக்கம் எவ்வளவு நின்றது என்று பழைய டைரியில் பார்த்து எழுதுங்கள், அலுவலகத்தில் ஒருவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்