நேர உணர்வு இல்லாதவர்களா எங்கள் குழந்தைகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரக் கல்வி இணைப்பில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் மணி சொல்லவும் அன்றாடப் பழக்கங்களைப் பேசவும் கற்றுக்கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதில், கிராமத்துக் குழந்தைகளுக்கு நேர உணர்வு குறைவு என்பதால்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்று ஒரு வரி. நிலக்கோட்டை வட்டாரப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, அந்த வரியைப் படித்த நாள் முழுவதும் மனம் ஆறவில்லை.

எங்கள் பக்கத்து மல்லிகையைப் பற்றித் தாங்கள் அறியாததல்ல. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மொட்டை அதிகாலையிலேயே பறித்தாக வேண்டும். பிந்திப் போன கூடைக்குச் சந்தையில் மதிப்பில்லை. என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு சிறுமி, நான்கரை மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு பூப் பறித்துவிட்டு, பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, தம்பியைக் குளிப்பாட்டிக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, முதல் மணி அடிக்கும் முன் பள்ளிக்கு வந்து நிற்பாள். அந்த வயதில் அவள் அத்தனை வேலை செய்யலாமா என்று அவள் தாயிடம் நான் பலமுறை வருந்திப் பேசியிருக்கிறேன். அது வேறு வழக்கு. ஆனால் அவளுக்கு நேர உணர்வு இல்லை என்று அச்சில் படிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சிறுமியும் தடுமாறத்தான் செய்தாள். எங்கே தடுமாறினாள் என்று பார்த்திருந்தால் கட்டுரையாளர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். கடிகாரத்தில் 5.45 காட்டி, ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அதே சொற்களைச் சொல்லி முட்களை வைக்கச் சொன்னபோது 6.15-இல் வைத்தாள். தமிழில் நாம் கடந்துவிட்ட மணியைப் பிடித்துக்கொண்டு ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று முன்னேறுகிறோம். ஆங்கிலமோ அரை மணி தாண்டியதும் வரப்போகும் மணிக்குத் தாவிவிடுகிறது. காலும் ஆறும் காதில் விழுந்ததும் ‘ஆறே கால்’ என்று அவள் சேர்த்துக்கொண்டது தமிழ்க் கணக்கின்படி சரியே. ‘ஆறு மணியாக இன்னும் கால் மணி இருக்கிறது, பஸ் வந்துவிடும், ஓடு’ என்று வீட்டில் பாட்டி சொல்வாளே, அந்த வாக்கியத்தை நினைவூட்டினேன். ‘டு’ என்றால் ‘ஆக இன்னும்’ என்று அவளே சொன்னாள். அதன்பின் ஒருமுறையும் தவறவில்லை.

பழக்கங்களைச் சொல்லும்போதும் இப்படித்தான். ‘தினமும் ஐந்து மணிக்கு எழுவேன்’ என்பது நம் பேச்சில் வழக்கத்தைக் குறிக்கும். குழந்தை அதை அப்படியே ‘ஐ வில் கெட் அப்’ என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு கோடு விழுகிறது. கோடு போடுகிறவர், தமிழில் எதிர்கால வடிவமே வழக்கத்தையும் சொல்லும், ஆங்கிலத்தில் அந்த வேலையை நிகழ்கால வினை செய்யும் என்று ஒரு நிமிடம் விளக்குவதில்லை. ‘அட்’, ‘இன்’, ‘ஆன்’ ஆகியவற்றுக்கும் தமிழிலேயே திறவுகோல் இருக்கிறது. ‘ஐந்து மணிக்கு’ என்பதில் ‘கு’ வருவதால் ‘அட்’. ‘காலையில்’ என்பதில் ‘இல்’ வருவதால் ‘இன்’. ‘திங்கட்கிழமை’ எதையும் சேர்க்காமல் நிற்பதால் அங்கே ‘ஆன்’. இரவு மட்டும் இதற்கு அடங்காமல் ‘அட் நைட்’ என்று வரும்; அதைத் தனியாக ஒரு நாள் சொன்னால் போதும்.

இதையெல்லாம் வகுப்பில் செய்ததற்காகத்தான், பல ஆண்டுகளுக்கு முன் பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அலுவலர், ஆங்கில வகுப்பில் தமிழ் அதிகம் கேட்கிறது என்று என்னைக் குறைகூறி எழுதிவைத்துப் போனார். பிள்ளைகள் முன்னிலையில் அதை உரக்கப் படித்தும் காட்டினார். 2007-08-இல், அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2022-இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒவ்வொன்றிலும் நல்லவை இருந்தன, பயன்படுத்திக்கொண்டோம். ஆயினும் குழந்தையின் தமிழை இடையூறாக நினைக்கும் மனம் பலரிடம் இன்னும் மாறவில்லை.

தங்கள் மாணவர் பக்கத்தைப் பற்றியும் வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றாடப் பழக்கங்கள் என்று வண்ணப் படங்களோடு வருவதில், ஒரு சிறுவன் ஏழு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுகிறான். மேசையில் அமர்ந்து ரொட்டி சாப்பிடுகிறான். மஞ்சள் நிறப் பேருந்தில் ஏறுகிறான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த செய்தியைத் தாங்களே விரிவாக வெளியிட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் காலை உணவைப் பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்ற ஒரு வாக்கியத்துக்கு அந்தப் படங்களில் இடமில்லை. தண்ணீர் பிடிப்பதும், ஆட்டை அவிழ்த்துவிடுவதும், பூக் கட்டுவதும் ஆங்கிலத்தில் சொல்லத் தகாதவை அல்லவே. தன் நாளைச் சொல்ல இடமில்லாமல் அந்தச் சிறுவனின் நாளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் எப்படி வாய்க்கு வரும்? இதைப் பற்றி இதற்கு முன் இருமுறை எழுதினேன். ஒன்று வெளிவரவில்லை, மற்றொன்று இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. இடப் பற்றாக்குறை காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆறுதல் கொண்டேன்.

நான் கேட்பது சிறிய உதவி. இப்போது பல வீடுகளில் முள் கடிகாரம் இல்லை; கைப்பேசியில் எண்களை மட்டுமே குழந்தைகள் பார்க்கிறார்கள். மாணவர் பக்கத்தில் ஒரே ஒரு வாரம், முழுப் பக்க அளவில் ஒரு கடிகார முகத்தையும் இரண்டு முட்களையும் வெட்டி எடுக்கும்படி அச்சிடுங்கள். 5.45-க்கு நேரே ‘ஐந்தே முக்கால்’ என்றும், ‘ஆறாக இன்னும் கால் மணி’ என்றும், ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ என்றும் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். கீழே, குழந்தை தன் நாளைத் தானே எழுதிக்கொள்ளச் சில வெற்றுக் கோடுகள் இருந்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்தால் முட்கள் நன்றாகச் சுழலும்; அப்படிப் பல செய்திருக்கிறேன். எந்த வாரம் வெளிவரும் என்று தெரிவித்தால், எங்கள் ஊர்ப் பள்ளிக்காக ஐம்பது பிரதிகளை என் செலவில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.