பக்க வடிவமைப்பு மென்பொருள் செய்பவர்களுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு மடல்

பக்க வடிவமைப்பு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களில், அடுத்த பதிப்பில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் சிறியதாக ஒரு டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கடை, நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ் அமைப்புகளின் ஆண்டு மலர், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. இவைதான் வேலை. உங்களில் சிலருக்கு இதே ஊரில் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு புதிய பதிப்பையும் பார்க்கும்போது, எங்கள் மாதிரிக் கடைப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது.

சொல்ல வந்தது ஒன்றுதான். புதிய பதிப்பு ஒருவருடைய கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிட்டுவிடுகிறீர்கள். எங்கள் தொழிலில் ஒரு கோப்பு ஒருவர் கணினியில் தங்குவதே இல்லை. மலர்க்குழுவில் ஒருவர் கட்டுரைகளை வேர்டில் அனுப்புவார். பக்கம் வடிவமைப்பவர் பகலில் ஐடி வேலை பார்த்துவிட்டு ராத்திரி தன் லேப்டாப்பில் உட்காருகிறவர். திருத்தமும் விளம்பரப் பக்கங்களும் என் கடையில். பிளேட் போடுவது வேறு இடம், அச்சடிப்பது இன்னொரு இடம். சிக்பேட்டை, சுல்தான்பேட்டை, காட்டன்பேட்டைச் சந்துகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கடைகளில் ஒரே பதிப்பைப் பார்ப்பது அபூர்வம். இந்த வரிசையில் ஒருவர் அப்டேட் செய்தால் மற்றவர்களும் செய்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை நின்றுவிடும். அந்த ஒருவரும் பல நேரம் விரும்பிச் செய்திருக்க மாட்டார். ராத்திரியில் அதுவாகவே செய்துகொண்டிருக்கும்.

போன பொங்கலுக்கு ஓர் அமைப்பின் மலர் வேலை வந்தது. வடிவமைப்பாளரிடம் புதிய பதிப்பு. அச்சகத்தில் இருந்தது சில வருடங்கள் பழையது. நேராகத் திறக்காது என்பது தெரிந்த விஷயம், அதனால் பரிமாற்றக் கோப்பாகச் சேமித்து அனுப்பினார். திறந்தது. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் வரியை எங்கே உடைப்பது என்று இரண்டு பதிப்பும் போடும் கணக்கு வேறு வேறு. அந்தக் கணக்கைப் போடும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர். ஒரு பத்தியில் ஒரு சொல் கீழே இறங்க, ஒரு வரி கூட, கட்டுரையே அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது. அச்சுத் தொழிலில் இருப்பவருக்கு இதன் விலை தெரியும். ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். கடைசி ஃபாரம் நிறைந்திருக்கும்போது ஒரு பக்கம் கூடினால், அந்த ஒற்றைப் பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாது. அது போக, வலது பக்கம்தான் வேண்டும் என்று கேட்டுப் பணம் கொடுத்த விளம்பரதாரர் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார். மலரின் அச்சுக்கூலியே நகைக்கடை, மளிகைக்கடை, கல்யாண மண்டபக்காரர்கள் தரும் விளம்பரத்தில்தான் வருகிறது. அவர்களிடம் போய் "கம்போசர் மாறிவிட்டது அண்ணா" என்று சொல்ல முடியுமா? விடிய விடிய வரி வரியாக இழுத்துப் பிடித்துத்தான் கோப்பை அனுப்பினோம்.

பிடிஎஃப் அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். அனுப்புகிறோம். ஆனால் பிளேட் போடப் போகும் நேரத்தில்தான் தலைவர் பெயருக்கு முன்னால் "முனைவர்" சேர்க்கச் சொல்லி ஃபோன் வரும். இது எல்லா மலருக்கும் உண்டு, விதிவிலக்கு நான் பார்த்ததில்லை. பிடிஎஃப்பில் ஆங்கில எழுத்து ஒன்றிரண்டைத் திருத்தலாம். தமிழில் கை வைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போய்விடும்.

கல்யாணப் பத்திரிகை வேலைக்குப் பெரும்பாலான கடைகளில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருள்தான். அதில் சேமிக்கும்போதே எந்தப் பழைய பதிப்புக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இந்த வசதி பல வருடங்களாக இருக்கிறது. புதிதாக வந்த சில விசேஷங்கள் அதில் தொலைந்துபோகும், அது பரவாயில்லை, வேலை நடக்கும். ஒரு மென்பொருளால் முடிவது மற்றவற்றால் ஏன் முடியவில்லை? அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், ஐடிஎம்எல் என்ற பரிமாற்றக் கோப்பாகச் சேமிக்கும் சுற்று வழி இருக்கிறது. அதைச் செய்ய பெரும்பாலும் புதிய பதிப்பு வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் ஊருக்குப் போயிருந்தால் கோப்பு பூட்டிய பெட்டிதான்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதும் நிறைய உண்டு. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம், கணினியிலேயே பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், என்னைப் போன்றவர்கள் ஈய எழுத்துகளை எடுத்து அச்சுக் கோக்கும் கேஸ் முன்னால் நின்றுகொண்டிருப்போம். பிடிஎஃப்பை நேரடியாக எடுக்க முடிந்தது, ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறுவது, தேடு-மாற்று வசதியில் வடிவங்களையே தேடுவது எல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். 2018 பதிப்பில் இன்டிசைனுக்கு இறுதிக்குறிப்பு வசதி வந்தபோது ஆய்வு நூல் வேலை செய்பவர்கள் எவ்வளவு நிம்மதியடைந்தார்கள் என்று சொல்லி மாளாது. புதியது வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் இல்லை நாங்கள்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். பேஜ்மேக்கருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஆனாலும் அதில் தமிழ் அழகாக வந்தது. காரணம், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கொம்பை முதலில் அடித்து, பிறகு க அடித்தால் "கெ". கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோப்பிலும் பதியும், மென்பொருள் எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அப்படியில்லை. முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் கோப்பில் இருக்கும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. "கொ" என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து க-வுக்கு இரு புறமும் வைக்க வேண்டும். இன்டிசைன் இதை 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட பிறகும், பத்தி அமைப்புகளின் மெனுவுக்குள் போய் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சரியாக வரும் என்று வைத்தார்கள். அந்த இடம் தெரியாமல், இந்த மென்பொருளில் தமிழ் உடைகிறது என்று முடிவுகட்டி பேஜ்மேக்கருக்கே திரும்பிப் போன ஆபரேட்டர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பத்தியில் இருப்பது தமிழ் எழுத்து என்று கோப்பிலேயே தெளிவாக இருக்கிறது. பிறகும் மனிதன் வந்து மெனுவைத் திறந்து சொல்ல வேண்டுமா?

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். சிஎஸ்6 வரை இன்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறந்தது, 2013-இல் சந்தா முறைக்கு மாறிய பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. அதனால்தான் எங்கள் தொழிலில் பல கடைகளில் மூலையில் ஒரு பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. இணையம் கிடையாது, பென் டிரைவ் மட்டும். கூடவே எழுத்துருத் தொகுப்புக்கான டாங்கிள் ஒன்று, கணினியில் செருகினால்தான் எழுத்துரு வேலை செய்யும் சாவி மாதிரி. அது உடைந்தால் அந்தக் கடையின் பாதிச் சரக்கு போச்சு. இதற்கு நடுவில் டைப் 1 என்ற பழைய வடிவ எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபிக்காரர்கள் 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். தொழில்நுட்பக் காரணம் இருக்கலாம். ஆனால் அந்த வடிவத்தில் காசு கொடுத்து எழுத்துரு வாங்கியவர்களுக்கு, அதே எழுத்து யூனிகோடில் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

பழைய கோப்பிலிருந்து பாடத்தை எடுத்து எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கலாமே என்பார்கள். செய்துதான் வருகிறோம். பாமினியில் அடித்த தமிழும் சாதாரண ஆங்கிலமும் கோப்புக்குள் ஒரே எண்களில்தான் இருக்கின்றன. எழுத்துருவின் பெயர்தான் இரண்டையும் பிரிக்கிறது. பாடத்தை மட்டும் உருவி எடுத்தால் அந்தப் பெயர் போய்விடும். அப்புறம் நடுவிலிருக்கும் மின்னஞ்சல் முகவரியும் ஆங்கில நூல் தலைப்பும் அர்த்தமில்லாத தமிழாக மாறி நிற்கும். (1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டேப் குறியீட்டில் ஆங்கிலத்தின் இடத்தைத் தொடாமல் விட்டார்கள், அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊரில் அதிகம் புழங்கியது அது இல்லையே.) எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் மாற்றும் வேலையும் அதற்குள்தான் நடக்க வேண்டும். இந்த எழுத்துருவில் இருப்பதையெல்லாம் இந்த அட்டவணைப்படி யூனிகோடாக்கு, மற்றதைத் தொடாதே என்று ஒரு கட்டளை. படத்தை அதுவாகவே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவையெல்லாம் சேர்க்கிறீர்கள், இந்த அட்டவணை அதைவிடக் கஷ்டமா?

பெங்களூரில் தமிழ் தனியாக வருவதும் இல்லை. ஒரே பத்திரிகையில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும். கன்னடத்துக்கு நுடி, பரஹா என்று அங்கேயும் இதே பழைய எழுத்துரு, புதிய யூனிகோடு குழப்பம். 2024-இல் பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது எங்கள் தெருவில் எல்லோருக்கும் கை நிறைய வேலை. அந்த அவசரத்தில் ஒத்தெழுத்து (கன்னடத்தில் எழுத்தோடு ஒட்டி வரும் கூட்டெழுத்து) உடைந்த பலகைகளும் சில ஏறிவிட்டன, நீங்களே தெருவில் பார்க்கலாம்.

சந்தாவைப் பற்றிச் சுருக்கமாக. முகூர்த்த மாதங்களில் எங்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பத்திரிகை கிடையாது. சந்தா மட்டும் ஆடி பார்ப்பதில்லை. நிறுத்தினால் என் கோப்புகளை நானே திறக்க முடியாது. சந்தா முடிந்த பின்னும் கோப்பைத் திறந்து பார்க்கவும், அச்சுக்கு அனுப்பவுமாவது விடலாம். திருத்தத்துக்குத்தானே காசு? ஒரே முறை பணம் கட்டினால் போதும் என்று வந்த ஒரு மென்பொருளை ஆசையாக வாங்கிப் பார்த்தேன். வேகமாக இருந்தது, அழகாக இருந்தது, தமிழ் மட்டும் உடைந்து உடைந்து வந்தது.

இதில் விண்டோஸ் வேறு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. 11 போட வேண்டுமென்றால் பல கடைகளின் கணினிகள் அதற்குத் தகுதி இல்லை. புதிய விண்டோஸ், அதற்குப் புதிய கணினி, அதில் ஓடப் புதிய பதிப்பு, அது திறக்காத பழைய கோப்பு. ஒரு பத்திரிகைக்கு எங்களுக்குக் கிடைக்கும் வடிவமைப்புக் கூலியை விசாரித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

காசு வாங்காமல் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கிரைபஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் 1.4 பதிப்பில் தமிழைச் சரியாகக் கோக்க முடியாது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் வருகிறது, ஹார்ஃப்பஸ் என்ற, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பை வைத்து எழுத்துகளைக் கோத்துவிட்டார்கள். அதில் குறைகள் இருக்கின்றன. பெரிய மலருக்கு நான் இன்னும் அதை நம்பவில்லை. ஆனால் கையில் ஆளும் பணமும் குறைந்தவர்களே அதைச் செய்திருக்கிறார்கள் என்பதை உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து சொல்லலாம்.

ஒரு சின்ன விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அடுத்த பதிப்பை வெளியிடும் முன் ஒரு சோதனைக் கோப்பு செய்யுங்கள். இரண்டு பத்தி யூனிகோடு தமிழ், இரு ஓரமும் ஒட்டிச் சீராக நிற்கட்டும், மெய்யெழுத்து எதுவும் வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. கீழே ஒரு வரி கன்னடம், ஒரு ஆங்கில முகவரி, பழைய எழுத்துருவில் ஒரு பத்தி. அதைப் புதிய பதிப்பில் சேமித்து, மூன்று வருடம் முந்தைய பதிப்பில் திறந்து, இரண்டையும் அச்சடித்து ஒன்றன் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிகள் அதே இடத்தில் உடைந்திருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கே அப்டேட் பொத்தானை அழுத்துகிறேன். சோதனைக்குப் பழைய கோப்பு வேண்டுமென்றால் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபிக்காரர்,
அல்சூர், பெங்களூரு