பேய்ப் படம், இங்கிலீஷ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. மாடியில் காயப்போட்ட வடகத்தில் பாதியை அணில் தின்றுவிட்டது. மீதியை அடுத்த பார்சலில் அனுப்புவதாகச் சொல்கிறாள். வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தெட்டு என்று செல்போன் காட்டியது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் சொன்னாயே: "அப்பா, நீங்க சொன்னீங்களேன்னு ‘தி திங்’ பாத்தேன். பாதியிலேயே தூங்கிட்டேன். பனி, தாடி, கத்தல். யாரு யாருன்னே தெரியல. படம் வந்தப்பவே விமர்சகர்கள் எல்லாம் கிழி கிழின்னு கிழிச்சிருக்காங்க, தெரியுமா?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேனா, அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் பதில் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் பக்கத்தைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நீ சொன்னதில் பொய் இல்லை. ஜான் கார்ப்பென்டர் எடுத்த அந்தப் படம் அமெரிக்காவில் 1982 ஜூன் 25 அன்று வந்தது. இரண்டு வாரம் முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்து, வானத்திலிருந்து இறங்கிய குட்டிப் பிராணியை ஊரே கொஞ்சிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இந்தப் படம். அண்டார்டிகா முகாம் ஒன்றில் மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு நடுவே வேற்றுக் கிரகத்து ஜந்து ஒன்று நாயைப் பிளக்கிறது, மனிதனைப் பிளக்கிறது, அப்புறம் அந்த மனிதனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி குப்பை என்றே எழுதினார். ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்து, வாந்தி எடுக்கப் பை வேண்டும் என்கிற ரகம் என்றார். பாத்திரங்கள் மேலோட்டமாக இருக்கின்றன என்பதும் அவருடைய குறை. நீ சொன்னதும் அதேதானே? ஒன்றரைக் கோடி டாலர் போட்டு எடுத்த படம் அமெரிக்கத் தியேட்டர்களில் இரண்டு கோடியைத் தொடவில்லை. கார்ப்பென்டரின் கைக்கு வந்திருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ பட வாய்ப்பும் போயிற்று. எனியோ மோரிக்கோனேயின் இசையைக்கூட விடவில்லை, அந்த வருடத்தின் மட்டமான இசைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள்.

இதில் ஒன்றுகூட அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது. படம் எங்களிடம் வந்தபோது அதற்குப் பெயரே இல்லை.

1986, முழுப் பரீட்சை லீவு. மதுரையில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. சனிக்கிழமை ராத்திரி டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, வாடகைக்கு எடுத்தார்கள். கடைப் பையன் டெக்கைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தான். மூன்று கேசட். இரண்டு தமிழ்ப் படம் பெரியவர்களுக்கு. மூன்றாவதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "பேய்ப் படம், இங்கிலீஷ்" என்று மட்டும் எழுதியிருந்தது. யார் எடுத்தது, யார் நடித்தது, ஓடியதா, ஓடவில்லையா, எதுவும் தெரியாது. எத்தனை பேர் கை மாறிய கேசட்டோ, பெயர் போடும் இடம் வெறும் கோடு கோடாக ஓடிவிட்டது. அந்தப் படத்தின் பெயரையே நான் இருபது வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

அன்று ராத்திரி அந்தக் கூடத்தில் விழுந்த அபிப்பிராயங்களைச் சொல்கிறேன், கேள். பெரியப்பா பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாவனும் ஒரே மாதிரி இருக்கான், எவன் கதாநாயகன்னு சொல்லிட்டு எழுப்புங்க" என்று சாய்ந்துவிட்டார். அத்தை தண்ணீர் குடிக்க வந்தவள், சரியாக நாய்க்கூண்டுக் காட்சியில் வந்து நின்றாள். சொம்பைக் கையில் பிடித்தபடியே, "இதையாடா ராத்திரியில பாக்குறீங்க, சோறு இறங்குமா?" என்றாள். என்றாளே தவிர காட்சி முடியும்வரை நகரவில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். மயங்கிக் கிடப்பவன் நெஞ்சில் டாக்டர் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்போது அந்த நெஞ்சே வாயாகப் பிளந்து டாக்டரின் கையைக் கடித்துத் துண்டிக்குமே, அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார். "மறுபடி போடு. எப்படிப் பண்ணான்னு பாக்கணும்." ரிவைண்ட் பண்ணிப் போட்டோம். கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜத்தில் இரண்டு கையும் இல்லாத ஒருவரைக் கூட்டிவந்து போலிக் கை மாட்டி எடுத்திருக்கிறார்கள். அதைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்து, படம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது, எல்லாம் ரப்பரும் பிசினும் கம்பியும்.

வின்சென்ட் கேன்பி சொன்னதையும் ஈபர்ட் சொன்னதையும் எங்கள் கூடத்திலும் சொல்லிவிட்டார்கள், பார்த்தாயா? அருவருப்பு என்றாள் அத்தை, ஆளே தெரியவில்லை என்றார் பெரியப்பா. குறை ஒன்றுதான். ஆனால் விமர்சகர் எழுந்து வீட்டுக்குப் போய் மறுநாள் பேப்பருக்கு எழுத வேண்டும். எங்களுக்கு டெக் காலை வரைக்கும் இருந்தது. வாடகை கொடுத்தாயிற்று, தூக்கம் போயிற்று, இன்னொரு தடவை போட்டோம்.

அந்த இரண்டாவது தடவையில்தான் படம் வேறு படமாக ஆனது. முதல் தடவை ஜந்து எப்போது வரும் என்று பார்த்தோம். இரண்டாவது தடவை யார் ஜந்து என்று பார்த்தோம். இவன் ஏன் அறையில் தனியாக இருந்தான், ரத்தம் வைத்திருக்கும் அலமாரிச் சாவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, இந்த ஆள் இப்போது பேசுவது ஆளா, வேறா என்று. பன்னிரண்டு பேரையும் பெயர் தெரியாமலே அடையாளம் கண்டோம். மொட்டை, தாடி, சமையல்காரன், கண்ணாடிக்காரன், ஹெலிகாப்டர்காரன். அந்த ஹெலிகாப்டர்காரன்தான் கர்ட் ரஸ்ஸல். ஒருவனை ஒருவன் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதைப் படத்தின் கோளாறு என்றார்கள். அங்கே இருப்பவர்களுக்கே அதுதானே பிரச்சினை! சரி, கார்ப்பென்டர் அதை வேண்டுமென்றே செய்தாரா, இல்லை எழுதும்போது கை சுருங்கிவிட்டதா என்று கேட்டால், கொஞ்சம் கை சுருங்கியதும் உண்டு என்றுதான் சொல்வேன். நாலைந்து பேருக்கு இன்னும் கொஞ்சம் வசனம் கொடுத்திருக்கலாம்.

நீ எந்த இடத்தில் தூங்கினாய்? ரத்தப் பரிசோதனைக்கு முன்னாலா? முன்னால் என்றால் நீ படமே பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் தட்டில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அந்த ஹெலிகாப்டர்காரன் அதில் வைப்பான். மனித ரத்தமென்றால் சுர்ரென்று பொசுங்கும். ஜந்தின் ரத்தமென்றால் ஒவ்வொரு துளியும் உயிரென்பதால் தப்பித்து ஓடப் பார்க்கும். இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? அவன் ஒருவனைக் குற்றம் சாட்டிப் பேசிக்கொண்டே, கவனமில்லாததுபோல வேறொருவன் தட்டில் கம்பியை வைக்கிறான். யாருடைய தட்டு என்று சொல்ல மாட்டேன். எங்கள் கூடத்தில் சொம்பு உருண்டது, பெரியப்பா விழித்துக்கொண்டார்.

இன்னொன்று, இது நான் பின்னால் டிவிடியில் பார்த்தபோது கவனித்தது. அந்த அண்டார்டிகா முகாமில் அவர்களும் எங்களைப் போலத்தான். டிவியில் பழைய கேசட்டைப் போட்டு விளையாட்டு நிகழ்ச்சி பார்க்கிறார்கள். ஒருவன் இது எப்படி முடியும் என்று தெரியுமே என்று சொல்லிக் கேசட்டை மாற்றுகிறான். வெளியே போக முடியாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான். அந்தப் படத்துக்குப் பிற்பாடு கிடைத்த பார்வையாளர்களையே படம் முன்கூட்டிக் காட்டிவிட்டதுபோல இருந்தது எனக்கு. தியேட்டரில் இல்லாத கூட்டம் அமெரிக்காவிலும் கேசட்டிலும் டிவியிலும்தான் சேர்ந்தது. உண்மையான தென் துருவ நிலையத்தில், குளிர்காலம் முழுக்க இனி விமானமே வராது என்று கடைசி விமானம் கிளம்பியதும், தங்கியவர்கள் கூடி உட்கார்ந்து இந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாம். அவர்களைவிட இந்தப் படத்துக்குப் பொருத்தமான பார்வையாளர் யார்?

வீட்டில் பார்ப்பவனிடம் பாஸ் பட்டன் இருப்பது நல்லதா கெட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நாய் ஒரு அறைக்குள் போகும், சுவரில் ஒரு ஆளின் நிழல் திரும்பும். யார் நிழல் அது? எத்தனை பேர் அதை நிறுத்தி வைத்து மூக்கையும் முடியையும் அளந்திருப்பார்கள்! நானும் அளந்தேன். நடிகர்களில் யாருடைய நிழலையும் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு ஸ்டண்ட் நடிகரை நிற்க வைத்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் எவன் வாயிலிருந்து புகை வருகிறது, எவன் வாயிலிருந்து வரவில்லை என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். விமர்சகர்கள் ஒரு தடவை பார்த்து அவசரப்பட்டார்கள் என்றால், நாங்கள் நாற்பது தடவை பார்த்து இல்லாததையெல்லாம் கண்டுபிடித்தோம். இரண்டும் கோளாறுதான். எனக்கு இரண்டாவது கோளாறு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை சொல்லாமல் விட மனமில்லை. முதல் காட்சியில் ஹெலிகாப்டரில் நாயைத் துரத்திக்கொண்டு வரும் நார்வேக்காரன் ஏதோ கத்துவான் அல்லவா? பைத்தியம் என்று நினைத்து அமெரிக்கர்கள் சுட்டுவிடுவார்கள். அவன் கத்துவது, "ஓடிப் போங்கள், அது நாய் இல்லை!" என்பதுதான். நார்வே மொழி தெரிந்தவர்களுக்கு ஐந்தே நிமிடத்தில் ரகசியம் போய்விடும். எங்களுக்கோ நார்வே மொழியும் இங்கிலீஷும் ஒன்றுதான், இரண்டும் புரியவில்லை.

மோரிக்கோனே கதையையும் முடித்துவிடுகிறேன். இந்தப் படத்துக்காக எழுதிப் பயன்படுத்தாமல் விட்ட இசைத் துண்டுகள் சில, 2015ல் டாரன்டினோவின் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்தில் வந்தன. அதுவும் பனியில் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் நம்பாதவர்களின் கதை, அதிலும் கர்ட் ரஸ்ஸல். அந்தப் படத்தின் இசைக்குத்தான் 2016ல் மோரிக்கோனேவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

உன் அம்மாவின் அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொள், ஏனென்றால் நம் வீட்டில் கடைசி விமர்சனம் அவளுடையதுதான். டிவிடி வாங்கிய புதிதில் வற்புறுத்தி உட்கார வைத்தேன். கால்வாசிப் படத்திலேயே, "இந்த நாய் நாயில்லைங்க. நாய்னா வாலையாவது ஆட்டும். இது நின்னு கணக்குப் பாக்குது" என்றாள். அப்படி நடித்தது ஜெட் என்கிற பாதி ஓநாய். அது எப்படி அசையாமல் நின்று பார்க்கிறது என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன். அப்புறம், "ஒரு பொம்பளைகூட இல்லையே" என்றாள். ஆரம்பத்தில் ஹெலிகாப்டர்காரன் ஆடித் தோற்கும் செஸ் மெஷினின் குரல் பெண் குரல்தான் என்றேன். "அதுலயும் விஸ்கிய ஊத்தி எரிச்சுட்டானே" என்றாள். கடைசியில் எரிந்துபோன முகாமில் இரண்டு பேர் மட்டும் ஒரு பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள், இவன் மனிதனா அவன் மனிதனா என்று தெரியாது. உலகமே அதைப் பற்றித்தான் வாதிட்டுக்கொண்டிருக்கிறது. உன் அம்மா கேட்டது: "யாரா இருந்தா என்ன, நெருப்பு அணைஞ்சா ரெண்டுக்கும் விறைச்சுடும்ல?"

உனக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் நீ பார்த்தது பஸ்ஸில் பாதி, படுக்கையில் பாதி, அதுவும் செல்போனில் என்று நீயே சொன்னாய். அதைப் பார்த்த கணக்கில் சேர்க்க மாட்டேன். உன்னோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களையும் உட்கார வை. பிரிட்ஜில் இருக்கும் உன் பாலை யாரோ தினமும் குடித்துவிடுகிறார்கள், கேட்டால் மூன்று பேரும் நானில்லை என்கிறார்கள் என்று புலம்பினாயே. ரத்தப் பரிசோதனைக் காட்சி ஓடும்போது நீ டிவியைப் பார்க்காதே, அவர்கள் முகங்களைப் பார். யார் என்று தெரிந்தால் எழுது. அம்மா ஒரு பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா