விட்டு விட்டு எரிவது டிரைவரின் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பக்கத்தில் "விட்டு விட்டு எரியும் எல்இடி விளக்கில் இருப்பது மட்டமான டிரைவர், உடனே மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி வந்திருந்தது. டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் சிறு போர்டு. பதினெட்டு வருடமாக என்னிடமே வேலை கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வில்லிவாக்கத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். "இதைத்தான் எனக்கு மாட்டிக்கொடுத்தீர்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் எதிரிலேயே அந்த 12 வாட் பேனல் லைட்டைத் திறந்தேன். டிரைவரில் ஒரு குறையும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரத்தில் இருந்த 12 எல்இடி சிப்புகளில் ஒன்று, சூடு ஏறியதும் தொடர்பு விட்டு, ஆறியதும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் விளக்கு அணைந்து அணைந்து வந்தது.

டிரைவர் நிலையாக வைப்பது கரண்டைத்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. சரம் அறுந்தால் கரண்ட் ஓடாது. ஓடாத கரண்டை ஓட வைக்க டிரைவர் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். 36 வோல்ட்டில் எரிய வேண்டிய சரத்துக்கு டிரைவரின் வெளிமுனையில் 63 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) போட்டிருப்பார்கள். தடுப்பு இல்லாத மலிவான போர்டில், 230 வோல்ட்டைத் திருத்தினால் கிடைக்கும் 325 வோல்ட் வரை அந்த முனை ஏறக்கூடும். கெபாசிட்டர் உப்பி, தலை பிளந்து, அறை முழுவதும் நாற்றம் அடிக்கும். பாதுகாப்புள்ள டிரைவரோ வரம்பைத் தாண்டியதும் தன்னை நிறுத்திக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயன்று பார்க்கும். ஆசிரியையின் வீட்டில் டிரைவர் செய்தது அதைத்தான். கடமையைச் செய்த பொருளை மட்டம் என்று எழுதிவிட்டீர்கள்.

விட்டு விட்டு எரியும் விளக்குகள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. டிரைவரில் கெபாசிட்டர் உலர்ந்துபோன விளக்கும் விட்டு விட்டு எரியும். ஆனால் சோதிக்காமல் எப்படித் தீர்ப்பு எழுதலாம்?

பல டிரைவர்களின் கட்டுப்பாட்டு ஐசியில், எந்த வோல்டேஜில் தன்னை நிறுத்திக்கொள்வது என்ற அந்த வரம்பை நிர்ணயிப்பது ஒரு சிறு ரெசிஸ்டர் (மின்தடை). அதைத் தவறான மதிப்பில் போட்ட போர்டுகளை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுதுவதற்கு உண்மையான குற்றவாளி அங்கே இருந்தார். என் கடைப் பையன் ஒருமுறை இத்தகைய டிரைவரில் சரத்தைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தான். பிறகு, மின்சாரம் இருக்கும்போதே சரத்தை மாட்டினான். ஏறி நின்ற வோல்டேஜ் மொத்தமும் ஒரு நொடியில் பாய்ந்து, புதிய சரம் கருகியது. பாதுகாப்பு இல்லாத டிரைவர் ஒழுங்காக வேலை செய்வதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும், பழுது வரும் நாள் வரை.

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு இதே பக்கத்தில், டிரைவர் மாற்றும்போது வாட் பார்த்து வாங்கினால் போதும் என்று எழுதினீர்கள். அதைப் படித்த ஒருவர் 54 வோல்ட் சரத்துக்கு, 24 முதல் 42 வோல்ட் வரை தரும் டிரைவரை வாங்கி வந்தார். வாட் சரி, வோல்டேஜ் எட்டவில்லை. வரம்பில் முட்டி முட்டி நின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். அன்றே தங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். அது வெளிவரவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தீபாவளி இதழில், எல்இடி விளக்குகளைக் காக்க ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னீர்கள். நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் நெருங்கி வருவது உள்ளே வரும் மின்சாரத்தின் பிரச்சினை. அதற்கு டிரைவரின் உள்முனையில் ஃபியூஸும், மிகை வோல்டேஜை உறிஞ்சும் வேரிஸ்டரும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். வெளிமுனையில் சரம் அறுந்தால் எந்த ஸ்டெபிலைசரும் உதவாது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் தங்கள் பத்திரிகையை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கிறார்கள், ஐயா. முப்பது ஆண்டுகளாக நானும் அந்தப் பத்திரிகையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

நான் கேட்பது மூன்று வரி. "எல்இடி விளக்கு விட்டு விட்டு எரிந்தால், முதலில் சரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். டிரைவரை மாற்றுவதானால் அதன் மேல் அச்சிட்டுள்ள கரண்டும் வெளிமுனை வோல்டேஜும் சரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓபன் சர்க்யூட் பாதுகாப்பு (சரம் அறுந்தால் வோல்டேஜ் ஏறிவிடாமல் தடுப்பது) உண்டா என்று கடையில் கேளுங்கள்." அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வந்தால் போதும். என் பெயரைப் போட வேண்டாம். அந்தப் பக்கத்தை நானே கத்தரித்து, ஆசிரியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வில்லிவாக்கம் வாசகர்,
சென்னை