காணி உறுதி யாருடைய பெயரில்? எங்கள் சபை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயாவுக்கும், மூப்பர்மாருக்கும், நிர்வாகக் குழுவிலுள்ள அண்ணைமார் அக்காமாருக்கும்,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கதை எழும்பியது. சபையை வரிவிலக்குள்ள அமைப்பாகப் பதிந்துவிட்டால் வெளிநாட்டுக் காசு தாராளமாக வருமாம். அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாகவே வரப்போகிறது என்றும் கேள்விப்பட்டேன். நான் இப்போது குழுவில் இல்லை. ஆனால் பதினொரு வருஷம் சபையின் கணக்குக் கொப்பியை வைத்திருந்தவன், அதற்கு முன் பாங்கில் நரைத்தவன். அதனால் சபையார் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த யோசனை வெளிநாட்டிலுள்ள சொந்தங்களிடமிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சானும் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் "501(சி)(3) எடுத்துப்போட்டீங்களோ?" என்று கேட்பார், ஏதோ தடுப்பூசி போட்டாச்சோ என்று கேட்பது மாதிரி. அது அமெரிக்காவில் அறநிறுவனங்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கும் சட்டப் பிரிவு. அவருடைய நாட்டுக் கதையை ஒருக்கா சரியாகப் பார்ப்போம். அங்கே ஒரு திருச்சபை, சட்டம் சொல்லும் தகுதிகள் இருந்தால், விண்ணப்பிக்காமலே வரிவிலக்குள்ளதாகக் கருதப்படும். மற்ற அறநிறுவனங்கள் வருஷாவருஷம் கொடுக்கவேண்டிய அறிக்கையும் திருச்சபைக்குக் கட்டாயம் இல்லை. இருந்தும் 600 டொலர் கட்டிப் பல சபைகள் விண்ணப்பிப்பது, கையில் ஒரு கடிதம் இருந்தால் பாங்குக்கும் நன்கொடையாளருக்கும் காட்டலாம் என்பதற்காக. அதாவது அவர்களுக்கே அது ஒரு தெரிவுதான். அதற்கு ஒரு விலையும் உண்டு: 1954 முதல், இப்படி விலக்குப் பெற்ற அமைப்பு தேர்தலில் எந்த வேட்பாளர் பக்கமும் நிற்கக்கூடாது.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வேறு கதை. கனடாவில் பதிவுபெற்ற அறநிறுவனம் போல அரசு அங்கீகரித்த அமைப்பு மட்டும்தான் வரிக்கழிவுக்கான பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் ஒருவர் தான் வரி கட்டிய பணத்தில் ஒரு பவுண் கொடுத்தால், அங்கே அங்கீகாரம் பெற்ற அறநிறுவனம் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கலாம். இரண்டும் அந்தந்த நாட்டில் பதிந்த அமைப்புக்கு உரியவை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை முத்திரை குத்தி வாங்கினாலும் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தம்பிக்கு ஒரு சதமும் வரி குறையாது. அவர் அங்கேயுள்ள பதிவுபெற்ற சபை ஒன்றினூடாக அனுப்பினால் அது வேறு. ஆனால் அந்தச் சபை எங்களிடம் கணக்குக் கேட்கும், கேட்கத்தான் வேண்டும்.

சரி, இங்கே என்ன கிடைக்கும்? உள்ளூரில் காணிக்கை போடுபவருக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. இலங்கையில் தனியாள் ஒருவர் தன் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கக்கூடிய அறநன்கொடை, நோயாளரையும் வறியவரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்துக்குக் கொடுத்த பணம். அதுவும் அந்த வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பை அந்தக் கணக்கில் வராது. போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கதலிக்குலையை இரண்டு பேர் மல்லுக்கட்டி 18,000 ரூபாய்க்கு ஏற்றிவிட்டார்களே, ஞாபகமா? வென்ற தம்பி என்னிடம் வந்து கேட்டது பற்றுச்சீட்டு இல்லை. "ஐயா, இரண்டு சீப்பை வீட்டை கொண்டுபோகட்டோ?" என்றுதான்.

சபைக்கு வரும் காணிக்கைக்கு வரி விழுமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் குழு அவதானமாக இருக்கவேண்டும். "பதிவு" என்று ஒரு சொல்லில் சொல்கிறோம், ஆனால் கதவுகள் வேறு வேறு. 2021ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத் திருத்தம், மத அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சில் பதிந்த மத நிறுவனத்துக்கு வரும் நன்கொடைகளுக்கு விலக்குக் கொடுத்தது. ஆனால் குழுவில் சிலர் சொல்வது அந்தக் கதவை இல்லை, அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவதை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்படியான நிறுவனத்துக்குக் கிடைக்கும் நன்கொடையில் 3 சதவீதத்தை இலாபம் என்று கருதி, அதன்மேல் வரி போடுவார்கள். வரிவிலக்குத் தேடிப்போய் வரிக்கோப்பு ஒன்றைத் திறந்துகொண்டு வருவதை என்னவென்று சொல்வது!

பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து சபையைக் கூட்டிணைக்கலாம், அதாவது சட்டத்தில் அதற்கென்று ஒரு பெயர் வாங்கலாம் என்று ஒரு அண்ணை சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையின் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் என்னவானது என்று அவர் வாசித்துப் பார்க்கவேண்டும். ஒரே அமைப்பு மதத்தையும் பரப்பி மக்களுக்குப் பொருளுதவியும் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானித்தார்கள். 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அந்தக் கன்னியரின் உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. சொல்லி என்ன? அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம்: ஆராதனையையும் பிள்ளைகளுக்கான இலவச ரியூசனையும் ஒரே யாப்பில் (அமைப்பு விதிகளில்) ஒரே பந்தியில் எழுதாதீர்கள்.

இவ்வளவும் சொன்னது, நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு இடம் பண்ண. வரியைப் பற்றி இத்தனை கூட்டம் போடுகிறோம், சபைக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒரு கூட்டத்திலாவது கேட்டோமா?

காணி வாங்கியது 1989இல். சபைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை, அதனால் எல்லோரும் சேர்த்த காசில், எங்கள் மூத்த மூப்பரின் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடித்தோம். நாலு பரப்பு. 1995 ஒக்ரோபர் 30 இரவு சனமெல்லாம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நெரிந்து போனபோது, அந்த மனுஷன் உறுதியைக் குடும்ப வேதாகமத்துக்குள் வைத்து, சொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய சொந்த வீட்டு உறுதி வீட்டோடு போய்விட்டது. இன்றைக்கும் அந்த உறுதியைப் பிரித்தால், மழைத்தண்ணி ஊறிய கறை இரண்டாம் பக்கத்தில் எல்லைகள் எழுதிய இடத்தில் படர்ந்திருக்கிறது. வடக்கு எல்லை என்ற சொல் பாதிதான் தெரியும்.

அவர் 2012இல் கர்த்தருக்குள் நித்திரையானார். பிரதேச சபையின் சோலை வரித் துண்டு இன்னமும் அவருடைய பெயருக்குத்தான் வருகிறது. மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் ஒஸ்லோவில், கடைசி கோப்பாயில். மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி ஒரு யாழ்ப்பாணத் தமிழனின் பெயரிலுள்ள காணி அவன் கண்மூடினால் பிள்ளைகளுக்குப் போகும். ஒருவர் பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிகளிடம்தான் முதலில் கேட்கவேண்டும். அந்தப் பங்காளி வரிசையில் சபை எங்கேயும் இல்லை. நாளைக்கு ஒஸ்லோவில் பிறந்த பேரப்பிள்ளையிடம் "இது தாத்தாவின் காணி இல்லை, ஆண்டவருடைய காணி" என்று எந்தப் பத்திரத்தைக் காட்டிச் சொல்லுவோம்?

பாங்குக் கணக்கும் இதே கதைதான். நிலையான வைப்பு ஏழு லட்சம், போதகர் ஐயாவின் பெயரும் பொருளாளரின் பெயரும் போட்டது. வட்டி வரும்போது 2025 ஏப்ரலிலிருந்து பாங்க் 10 சதவீதம் பிடிக்கிறது. அது ஒரு பெரிய காசு இல்லை. ஆனால் பத்திரத்தில் அந்த வட்டி அவர்கள் இருவருடைய வருமானம். ஐயா குறை நினைக்கவேண்டாம், உங்களுக்கு ஏதும் நடந்தால் பாங்க் தேடுவது உங்கள் வாரிசை, சபையாரை இல்லை. நான் கவுன்ரருக்கு அந்தப் பக்கம் இருந்தவன், எத்தனை சங்கங்களுக்கு இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெரிய சபைகளுக்கு இந்தத் தலையிடி இல்லை. கத்தோலிக்க ஆயரை 1906ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒரு சட்ட ஆளாகவே ஆக்கிவைத்திருக்கிறது. ஆயர் மாறலாம், காணி மாறாது. எங்கள் பக்கத்துக் கோயில்காரர் தருமசாதன உறுதி, அதாவது காணியைத் தருமத்துக்கென்றே ஒப்படைக்கும் பத்திரம், எழுதிவைத்திருக்கிறார்கள். நாங்கள்தான், விசுவாசம் இருக்கிறதுதானே என்று, உறுதியை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு இருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அரச சார்பற்ற நிறுவனமாகப் பதியும் தீர்மானத்தை இப்போதைக்கு எடுக்கவேண்டாம். மூன்று பிள்ளைகளும் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே, நொத்தாரிசு ஒருவரிடம் போய் காணியைத் தருமசாதனமாக எழுதுவிப்போம். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் மத காரியத்துக்கான தருமத்தை ஏற்கிறது. புதிதாகச் சட்டம் ஒன்றும் வேண்டாம். பொறுப்பாளர்கள் ஐந்து பேர், அதில் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடாது. (இந்த வரி சிலருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.) அப்புறம் பாங்குக் கணக்கை அந்தத் தருமத்தின் பெயருக்கு மாற்றலாம். அதன்பிறகு மத அலுவல்கள் அமைச்சின் கதவைத் தட்டிப் பார்ப்போம். எங்களைப் போன்ற சுயாதீன சபைகளுக்கு அது லேசில் திறக்காது. ஆனால் சபை பெயரில் உறுதியும் மூன்று வருஷக் கணக்காய்வும் கையில் இருந்தால் வெறுங்கையோடு போய் நிற்கத் தேவையில்லை.

ரொறன்ரோவிலுள்ள மூத்த மகனோடு நான் கதைத்தேன். தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பத் தயார் என்கிறார். ஒஸ்லோத் தங்கச்சி தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாவாம், இரண்டு கிழமை நிற்பா. அந்த இரண்டு கிழமைக்குள் நொத்தாரிசிடம் ஒரு நாள் எடுக்கவேண்டும். கூட்டத்துக்கு லாச்சித் திறப்போடு வருகிறேன். உறுதியை மேசையில் விரித்து, அந்த வடக்கு எல்லையை நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு முதலில் உறுதிப்படுத்துவோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பொருளாளர்