தத்துக்கு நாள் குறிக்கும் முன் விசாவை விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, விடுமுறையில் ஊருக்கு வந்து, சொந்தத்தில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து அழைத்துப்போக நினைக்கும் நம்மவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். கணவரோடு டாலஸில் இருந்தாள். பல வருடச் சிகிச்சைக்குப் பிறகும் குழந்தை இல்லை. அவளுடைய தம்பியும் அவன் மனைவியும் தங்கள் இரண்டாவது மகனைக் கொடுக்க மனமுவந்து முன்வந்தார்கள். நம் குடும்பங்களில் இது புதிதல்லவே. நல்ல நாள் பார்த்து, உறவினர் முன்னிலையில் மடி மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவானது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி எல்லாம் செல்லுபடியாகும் என்று பத்திர எழுத்தர் சொன்னார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை அமெரிக்காவுக்கு அழைத்துப்போக முடியாது என்பதை அந்த அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. விசா கேட்டுப் போன இடத்தில்தான் தெரிந்தது.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு விதி வகுத்த 1993-ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்த நாடுகள். அதன்படி முதலில் அமெரிக்கக் குடியேற்றத் துறை, தத்தெடுப்பவரின் வீடு, வருமானம், உடல்நலம் எல்லாவற்றையும் விசாரித்துத் தகுதி வழங்க வேண்டும். பிறகு இன்ன குழந்தை என்று சொல்லி அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவில் காரா எனப்படும், தத்தெடுப்புக்கான மத்திய ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் தத்து ஆணை. 2022 செப்டம்பர் முதல் அதை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். தத்து அந்த உடன்படிக்கைப்படியே நடந்தது என்பதற்கான இணக்கச் சான்றும் பாஸ்போர்ட்டும் விசாவும் அதற்கடுத்தவை. பத்திரத்தை முதலில் பதிந்துவிட்டு அனுமதிக்குப் பின்னால் போனால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தால், குழந்தையைச் சரிவர வளர்க்க இயலாத நிலையில் அவர்கள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அக்காவுக்குப் பிள்ளை இல்லையே என்று அன்போடு கொடுத்தோம் என்பது அங்கே காரணமாகாது. ஆகவே முறைப்படி போயிருந்தாலும் இவர்களுக்கு மறுப்பே வந்திருக்கலாம். ஆனால் அந்த மறுப்பு குழந்தையை மடியில் வாங்கும் முன்பே வந்திருக்கும்.

இன்று அந்தப் பையன் அவளை அம்மா என்றும், பெற்றவளை அத்தை என்றும் கூப்பிடப் பழகிவிட்டான். இனி எப்படித் திருப்பிக் கொடுப்பாள்? வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். குழந்தையோடு இரண்டு ஆண்டு அமெரிக்காவுக்கு வெளியே சேர்ந்து வாழ்ந்தால் வேறு வகையில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், டாலஸில் காலை. தட்டுக்கு எதிரே தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, அப்பா பார்க்கப் பார்க்க அவள் இட்லி ஊட்டுவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். அவர் அங்கே அலுவலகத்துக்குக் கிளம்பியபடியே பேசிக்கொண்டிருப்பார்.

கெடுபிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டது 2005-இல் வெளிவந்ததை மறக்க முடியுமா? பெற்ற தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தார்கள். குழந்தையை எல்லை தாண்டி அனுப்பும் முன் அரசு நூறு கேள்வி கேட்கட்டும். ஆனால் கேட்க வேண்டிய முதல் இடத்தில் கேட்கட்டும்.

இந்துச் சட்டப்படி தத்தெடுத்த குழந்தையை வெளிநாடு அழைத்துப்போவதற்கும் ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் தடையில்லாச் சான்றும் தேவை என்று 2021-இலேயே விதி வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் இதைத் தமிழில் நாலு வரி எழுதி ஒட்ட என்ன செலவாகிவிடும்? தத்துப் பத்திரம் பதிய வருகிறவரிடம் “நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டு, வெளிநாடு என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பிவைக்கலாமே. பதிவுத்துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

வரும் கோடை விடுமுறையில் தத்துக்கு நாள் குறித்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர் யாரேனும் இதைப் படித்தால், விமான டிக்கெட் எடுக்கும் முன் நீங்கள் வசிக்கும் நாட்டின் குடியேற்றத் துறையிடமும் காராவிடமும் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஸ்ரீரங்கம்.